விதைநெல்லில் வந்த சாராய மணம்

போன மாதம் எங்கள் பெரியவாப்பா மௌத்தாகி அடக்கமானபோது நம் பழைய வகுப்புக் குழுவில் நீங்கள் எல்லோரும் வரிசையாக துஆ எழுதினீர்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் உங்களில் ஒருத்தி குரல் பதிவு அனுப்பி, ஜனாஸா வீட்டுப் பக்கம்கூட உன்னைக் காணவில்லையே, இந்த வயதிலும் என்னகா கோபம் என்று கேட்டாள். ஓம், இந்த வயதிலும்தான். பிரஷர் குளிசை, சீனிக் குளிசை, முழங்கால் எண்ணெய் எல்லாவற்றோடும் சேர்த்து அந்தக் கோபத்தையும் நான் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். அவருடைய மூத்த மகன் ஃபோன் எடுத்து, வாப்பா செய்ததைப் பொறுத்து மாப்புக் கொடுங்கள் ராத்தா என்று கேட்டான். கையில் வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய்தான், சும்மாதான் இருந்தேன்.

உங்களுக்கெல்லாம் அவர் ஹாஜியார், பள்ளிவாசலுக்கு முதல் ஆளாக வருகிறவர், நோன்பு காலத்தில் கஞ்சி வாளியோடு வாசலுக்கு வருகிறவர். எனக்கு அவர் என் உம்மாவுக்கு மூத்தவரான ராத்தாவைக் கட்டியவர். நம் ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வளவில் இரண்டு வீடு, இரண்டு மாப்பிள்ளை. முதலில் வந்தவர் பெரியவாப்பா. நாவிதன்வெளிப் பக்கம் உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் பொதுவில் கிடந்த வயலை அவர்தான் பார்த்தார். பின்னால் வந்தவர் என் வாப்பா. கல்முனையிலிருந்து திருக்கோவிலுக்கு ஒரு முதலாளியின் பஸ்ஸை ஓட்டினார். வயல் வேலை தெரியாது, தெரிந்த மாதிரிக் காட்டவும் தெரியாது. பெரியவாப்பாவுக்கு அது போதும். ஸ்டியரிங் பிடிக்கிற கை மண்வெட்டி பிடிக்குமா என்று பெருநாள் சாப்பாட்டிலும் சொல்லிச் சிரிப்பார்.

எனக்குப் பதினொரு வயது. பெரும்போகத்துக்கு விதைக்கிற நேரம், மழை விடாமல் பெய்தது. வளவின் பின்பக்கம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கொட்டில் இருந்தது. விதைநெல்லை முளைக்கப் போடுவது அங்கேதான். நெல்லைச் சாக்கோடு ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, எடுத்து வடியவிட்டு, வைக்கோலுக்கு மேல் குவித்து, ஈரச் சாக்கால் மூடிவிடுவார்கள். இடையிடையே தண்ணீர் தெளித்துக் கிளறிவிட வேண்டும். இரண்டாம் நாள் குவியலுக்குள் கையை விட்டால் காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிறு மாதிரி சுடும். அந்தச் சூடு எனக்கு விருப்பம். யாரும் பார்க்காத நேரம் முழங்கை வரை உள்ளே விட்டுக்கொண்டு குந்தியிருப்பேன். ஈர நெல்லின் மணமும் வைக்கோலின் மணமும் சட்டையில் ஏறிவிடும், உம்மா ஏசுவார்.

அந்த முறை பெரியவாப்பா கல்முனைச் சந்தையிலிருந்து தடித்த பொலித்தீன் விரிப்பு ஒன்று வாங்கி வந்தார். நீல நிறம். அந்தக் காலத்தில் அது புதினம். மழைக் குளிருக்கு நெல் முளைக்கப் பிந்தும், இதால் இறுக்கி மூடினால் சூடு வெளியே போகாது, ஒரே நாளில் முளை தள்ளும் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கினார். குவியலின் மேல் பொலித்தீனைப் போர்த்தி, சுற்றிவர ஓரத்தை மண்ணால் அணைத்து, அதற்கு மேல் கல்லும் வைத்தார். கிளறவும் வேண்டாம், ஒருவரும் கை வைக்கவும் வேண்டாம் என்று கட்டளை. எனக்குத்தான் பெரிய நட்டம், கையைவிட வழியில்லாமல் போய்விட்டது.

அதே கொட்டிலில் ஒரு மூலையில் வாப்பாவின் பாய் இருக்கும். விடிய முந்தியே முதல் பஸ் எடுக்கிறவர், மத்தியானம் வந்து அங்கே ஒரு கண் தூங்குவார். வெற்றிலை போடுவார். வேறு ஒரு பழக்கமும் அவருக்கு இல்லை.

மூன்றாம் நாள் காலை பெரியவாப்பா கல்லைத் தூக்கினார். நானும் பெரியும்மாவும் பக்கத்தில் நின்றோம். பொலித்தீனின் ஓரத்தை உயர்த்தியதும் ஒரு மணம் வந்தது பாருங்கள், சூடாக, புளிப்பாக, மூக்கின் உள்ளே ஏறிக் கண்ணில் தண்ணீர் வரச்செய்கிற மணம். பெரியும்மா முந்தானையால் வாயைப் பொத்தினார். நெல் ஊதிப் பிசுபிசுத்துக் கிடந்தது. ஒன்றில்கூட முளை இல்லை. பெரியவாப்பா ஒரு பிடி எடுத்து நசித்தார், உள்ளேயிருந்து கூழ் வந்தது.

கையிலிருந்த கூழை உதறினார். பொலித்தீனைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி மூலையில் கிடந்த வாப்பாவின் பாயைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்கு ஞாபகம். ஒரு மனிதன் தன் தலையிலிருந்து சுமையை இறக்கி வைக்க இடம் தேடிக் கண்டுபிடித்த பார்வை அது.

"இது சாராயம். இஞ்ச ஆரோ வெச்சுக் குடிச்சிரிக்கான். ஊத்தி நெல்லையும் பழுதாக்கிட்டான்" என்றார்.

மத்தியானத்துக்குள் அந்த 'ஆரோ' யார் என்று வளவு முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்திக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. வந்து மணந்து பார்க்காத ஆளில்லை. கொட்டில் வாசலில் செருப்புக் குவிந்தது. எல்லோரும் மூக்கை நீட்டுவார்கள், அஸ்தஃபிருல்லாஹ் என்பார்கள், இன்னொரு முறை நீட்டுவார்கள். பஸ் ஓட்டுகிற ஆட்கள் எல்லாம் இப்படித்தான் என்றார் ஒருவர். வெற்றிலை போடுவதே வாய் மணத்தை மறைக்கத்தான் என்றார் இன்னொருவர். போத்தல் எங்கே என்று ஒருவர் கேட்டதற்கு, கிணற்றுக்குள் போட்டிருப்பான் என்று பெரியவாப்பாவே பதில் சொன்னார். கிணற்றில் இறங்கிப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அறிவாளிகள்!

வாப்பாவைப் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு, பள்ளி நிர்வாகம் பார்க்கிற மரைக்காயர்மார் உட்கார்ந்து விசாரித்தார்கள். நான் அங்கே இல்லை, போன ஆண்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். குடித்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றார். குர்ஆன் மேல் சத்தியம் பண்ணு என்றார்கள். வாப்பா மறுத்துவிட்டார். பஸ்ஸில் சில்லறைத் தகராறுக்கெல்லாம் அல்லாஹ் மேல் சத்தியம் பண்ணுகிறவர்களைக் கண்டு வெறுத்தவர் அவர். அந்த வாக்கின் பாரம் தெரிந்தவன் இதற்கெல்லாம் அதைத் தூக்க மாட்டான், நான் இல்லை என்று சொன்னால் இல்லைதான் என்றாராம். சத்தியம் பண்ணப் பயப்படுகிறான் என்று ஊர் முடிவு கட்டியது. பெரியவாப்பா அந்தச் சபையில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் முதலாளி பஸ் சாவியை வாங்கிக்கொண்டார். குடிக்கிற ட்ரைவர் என்றால் பெண்கள் ஏற மாட்டார்கள் என்றாராம், அவரையும் குறை சொல்ல முடியாது. வாப்பா கடற்கரையில் மீன் வாடியில் ஐஸ் உடைக்கப் போனார். அவர் ஓட்டிய பஸ்ஸே ஹோர்ன் அடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போகும், நிமிர்ந்து பார்க்க மாட்டார். பள்ளிக்கூடத்தில் எனக்கு 'சாராயத்தார்ர மகள்' என்று பேர் வந்தது. உங்களில் சிலர் அப்படிக் கூப்பிட்டீர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும், இப்போது சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். அறியாமை என்று சொல்லலாம். ஆனால் ஒன்று மட்டும் என் கண்ணில் குத்திக்கொண்டே இருந்தது. அடுத்த போகத்துக்கு விதைநெல் முளைக்கப் போட்டபோது பெரியவாப்பா பழையபடி ஈரச் சாக்கால் மூடினார். அந்த நீலப் பொலித்தீன் மடித்து அவர் வீட்டுக் கூரைக்குக் கீழே அட்டாளையில் கிடந்தது. அதற்குப் பிறகு ஒரு போகத்திலும் அது நெல்லைத் தொடவில்லை. ஏன் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன், விடை தெரியவில்லை.

விடை கிடைக்க நாலு வருஷத்துக்கு மேல் எடுத்தது. பத்தாம் வகுப்பில் விஞ்ஞான ரீச்சர் சுவாசம் பற்றி நோட்ஸ் சொன்னார். உங்களுக்கு ஞாபகம் இருக்காது, நீங்கள் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மூச்சு விடுவது மட்டும் சுவாசம் இல்லை, உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் நடப்பதுதான் சுவாசம் என்றார். சாப்பாட்டின் மாப்பொருள் உடைந்து குளுக்கோசு ஆகும். அந்தக் குளுக்கோசு கலத்துக்குள் நிரம்பியிருக்கிற குழியவுருவில் முதலில் இரண்டு துண்டாக உடையும். அந்தத் துண்டுக்குப் பைருவிக்கமிலம் என்று பேர். இதுவரைக்கும் ஒட்சிசன் தேவையில்லை, கிடைக்கிற சக்தியும் சொற்பம். ஒட்சிசன் இருந்தால் அந்தத் துண்டுகள் இழைமணி என்ற நுண்ணிய உறுப்புக்குள் போகும். அங்கே படிப்படியாக இன்னும் உடைந்து, காபனெல்லாம் காபனீரொட்சைட்டாக வெளியேறும். மிச்சமான ஐதரசனை ஒட்சிசன் ஏந்திக்கொண்டு தண்ணீராகும். சக்தியின் பெரும் பங்கு அங்கேதான் கிடைக்கும், கொஞ்சம் சூடாகவும் வெளியேறும். முளைக்கிற விதைக் குவியல் சுடுவது அதனால்தான்.

சூடு என்றதும் என் முழங்கை ஞாபகம் வந்தது. பேனையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். ரீச்சர் அதே குரலில், தலையை உயர்த்தாமல், அடுத்த வரியை வாசித்தார். ஒட்சிசன் கிடைக்காவிட்டால் அந்தத் துண்டுகள் இழைமணிக்குள் போக மாட்டா. வெல்லம் பாதி வழியில் நின்றுவிடும். முளைக்கும் விதையிலும் மதுவம் எனும் ஈஸ்ட்டிலும் அது அற்ககோலாக மாறும்.

அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. ஊர் முழுக்க மூக்கை நீட்டி மணந்துவிட்டுப் போனதற்கு ஒரு வரியில் பதில். நெல் மூச்சுமுட்டிச் சாகும்போது தானே காய்ச்சிய சாராயம் அது. அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தேன், சந்தோஷத்தால் என்று நினைக்க வேண்டாம். பெரியவாப்பாவின் முகம் முன்னால் வந்து நின்றது. ஆளைப் பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் பொடிச்சிக்குப் பைத்தியம் என்றிருப்பார்கள். பொறுத்தேன். அந்த வருஷம் பெரியவாப்பா ஹஜ்ஜுக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்க வேண்டும் அல்லவா. அடியார்களுக்குச் செய்த குற்றத்தை அடியார்கள்தான் பொறுக்க வேண்டும், அல்லாஹ் பொறுக்க மாட்டான். அந்த நாளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெரியவாப்பா எங்கள் வீட்டுக்கு வருகிற நாளுக்கு நாலு நாள் முந்தி அவருடைய விதைநெல் சாக்கிலிருந்து ஒரு சட்டி நிறைய எடுத்தேன். களவுதான். ஒரு நாள் ஊறவைத்தேன். இரண்டு வெறும் சர்பத் போத்தலில் அதைப் போட்டேன். ஒன்றின் வாயை மெல்லிய துணியால் கட்டினேன். மற்றதைக் கழுத்து வரை நெல்லால் நிரப்பித் தக்கையால் அடைத்து, மெழுகு உருக்கி ஊற்றினேன். இரண்டையும் அடுப்படிக்குப் பக்கத்தில் விறகுக்குப் பின்னால் வைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, அத்தர் மணம். கூடவே பெரியும்மாவும், அன்று வாப்பாவை விசாரித்த மரைக்காயர் ஒருவரும், சொந்தக்காரர் சிலரும். வாப்பா ஐஸ் வேலைக்குப் போகாமல் நின்று, கழுவிய சேர்ட் போட்டுக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டார். பெரியவாப்பா முன்னால் வந்து வாப்பாவின் இரண்டு கையையும் பிடித்தார்.

"தம்பி, அல்லாஹ்ட ஊட்டுக்குப் போறன். அறிஞ்சும் அறியாமலும் ஏதும் செஞ்சிரிந்தா மாப்புத் தாங்க" என்றார். அதையே அன்று காலையிலிருந்து பதினைந்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர். தொண்டை பழகிப்போயிருந்தது.

வாப்பா வாயைத் திறந்தார். ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். நான் இரண்டு போத்தலோடும் நடுவில் போய் நின்றேன். கொஞ்சம் பொறுங்கள் வாப்பா என்றேன். மெழுகு ஊற்றியதன் தக்கையைக் கத்தியால் நெம்பி எடுத்துப் பெரியவாப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டி, இது என்ன மணம் என்று கேட்டேன்.

அவர் பின்வாங்கினார். "அஸ்தஃபிருல்லாஹ். சாராயம். இத எங்க இரிந்து எடுத்த நீ?"

"உங்கட சாக்குல இரிந்து. உங்கட விதைநெல். ஊறவெச்சுக் காத்துப் போகாம மூடி வெச்சன், அவ்வளவுதான் செஞ்சன்."

ஒரு தட்டில் இரண்டு போத்தலையும் கவிழ்த்தேன். ஒரு பக்கம் வெள்ளை முளை தள்ளிய நெல். மறுபக்கம் பிசுபிசுத்த நெல். ஒரே சாக்கு, ஒரே தண்ணீர், ஒரே நாள் என்றேன். நெல்லுக்கும் மூச்சு வேண்டும், மூச்சு இருந்தால் தன்னிடமிருக்கிற மாவை வெல்லமாக்கிக் கடைசி வரை உடைத்துச் சக்தி எடுத்து முளைக்கும், மூச்சில்லாவிட்டால் பாதியில் நின்று சாராயமாகும் என்று விளக்கினேன். இழைமணியை எல்லாம் சொல்லவில்லை. மரைக்காயர் தட்டைத் தூக்கி மணந்தார். முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். தட்டை வைத்துவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டார்.

"எனக்கு எப்படி புள்ள தெரியும்" என்றார் பெரியவாப்பா. குரல் இறங்கிவிட்டது.

"தெரியாட்டி, அடுத்த போகம் ஏன் சாக்கால மூடின நீங்க?"

பெரியும்மா புருஷனைத் திரும்பிப் பார்த்தார். பெரியவாப்பாவின் நெற்றியில் வேர்வை இறங்கித் தொப்பியின் ஓரம் நனைந்தது. நான் நகரவில்லை. பதினைந்து வயதுப் பொடிச்சி நான், ஊரின் பெரிய மனிதன் ஒருவனை அவன் மூக்காலேயே பிடித்து நிறுத்தியிருந்தேன். அந்த இனிப்பை நான் மறைக்கப் போவதில்லை. இன்று நினைத்தாலும் இனிக்கிறது.

"ஒரு சந்தேகம் வந்ததுதான். சொல்ல வெக்கம்" என்றார் கடைசியில், தரையைப் பார்த்து.

மரைக்காயர் வாப்பாவிடம், பஸ் முதலாளியிடம் நானே வந்து கதைக்கிறேன் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் அடுப்படி வாசலில் பீங்கான் சத்தம் கேட்டது. உம்மா தேத்தண்ணித் தட்டோடு நின்றார். கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. உம்மா பெரியவாப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. வாப்பாவை மட்டும் பார்த்தார்.

"அப்ப நீங்க குடிக்கவே இல்லயா?" என்று கேட்டார்.

வாப்பாவுக்கு அந்தக் கேள்வி உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பள்ளியில் விசாரணை முடிந்து வந்தபோதும், சாவியை வாங்கியபோதும், ஐஸ் உடைத்துக் கை வெடித்தபோதும் மாறாத முகம் அது.

"நீயும் நம்பித்தான் இரிந்தியா?" என்றார், மெல்ல.

பிறகு பெரியவாப்பாவின் பக்கம் திரும்பி, மாப்புக் கொடுத்தேன், போயிட்டு வாருங்கள் என்று கையைக் கொடுத்தார். அந்தக் கையை அவ்வளவு லேசாகக் கொடுத்தார். உம்மா நீட்டிய கோப்பையை எடுக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

மரைக்காயர் சொன்னபடி செய்தார். வாப்பாவுக்குப் பஸ் திரும்பக் கிடைத்தது, பேரும் திரும்பக் கிடைத்தது. ஊர் ஒரு வாரம் என்னைப் புகழ்ந்தது. பெரியவாப்பா ஹாஜியாராகத் திரும்பி வந்து எல்லா வீட்டுக்கும் பேரீச்சம்பழமும் சம்சம் தண்ணீரும் கொடுத்தார். உம்மா அன்றிலிருந்து வாப்பாவிடம் மாப்புக் கேட்கத் தொடங்கினார். சோறு போடும்போது கேட்பார், சேர்ட் தோய்க்கும்போது கேட்பார். கொடுத்திட்டேன் கொடுத்திட்டேன் என்று வாப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். கோபமாகக்கூட இல்லை, பஸ்ஸில் டிக்கட் கிழித்துக் கொடுக்கிற மாதிரி சொல்வார். உம்மா அதை ஏற்கவே இல்லை. வாப்பா மௌத்தாய்ப் போன பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார், கேட்க ஆள் இல்லாமல்.

உம்மாவின் கடைசி வருஷம் நான்தான் குளிப்பாட்டினேன். ஒரு நாள் தலையைத் துவட்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவர் குடிச்சார் எண்டுதான் நினைச்சன் மகள். எண்டாலும் ஆருக்கும் தெரியாம மனசுக்குள்ள மாப்புக் குடுத்திட்டு, நல்லாத்தான் வாழ்ந்தன். நீதான் அந்தப் போத்தலக் கொண்டு வந்து என்னக் குற்றவாளியாக்கின."

துவட்டி முடித்தேன். உடுப்பு மாற்றிவிட்டேன். உம்மா சொன்ன அந்தக் குற்றத்தையும் நான் பெரியவாப்பாவின் கணக்கில்தான் போட்டு வைத்திருக்கிறேன், என்னுடைய பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கப் பயமாக இருப்பதால்.